கொபாய்களுக்கு மஞ்சள் பூசிய பொங்கல்

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குள் பேச்சு முழுதாக மாறவில்லை. முயலை முயல் என்றோம், எலியை எலி என்றோம். முயல்குட்டி அளவில் வாலில்லாமல் இருக்கும் சீமைப் பெருச்சாளியை மட்டும் பழைய துரைமார் சொன்னபடியே கொபாய் என்றோம். பரிசோதனைச் சாலைக்குப் பின்னால் இருந்த பிராணி அறைக்கு நான்தான் காவல். தீனி வைப்பது, பெட்டி கழுவுவது, செத்ததை எடுத்துப் புதைப்பது எல்லாம் என் வேலை. நாலாவது வரை படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். எலி பிள்ளையாருக்கு வாகனம். அதனால் காலையில் கதவைத் திறக்கும்போதே அவர் பேரைச் சொல்லித்தான் திறப்பேன்.

எங்கள் டாக்டர் நம்ம ஊர்க்காரர்தான், பிரெஞ்சுப் படிப்பு படித்தவர். பிராணிகள் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார்.

"பயந்துபோன பிராணி பொய் சொல்லும்யா. நோயால செத்துதா, பயத்துல செத்துதான்னு நமக்குத் தெரியாது. அதுக்கு ஒளியறதுக்கு ஒரு இடம் குடு, கடிக்கிறதுக்கு எதாவது குடு. தனியா மட்டும் போடாதே."

உடைந்த பானைகளைக் கொண்டுவந்து பெட்டிக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்தேன். வாய்ப்பக்கம் உள்ள உடைசல் வழியாகக் கொபாய்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முருங்கைக் குச்சி போட்டேன், தரையில் வைக்கோல் பரப்பினேன். தேங்காய்த்திட்டிலிருந்து வந்து கூட்டிப் பெருக்கும் அக்கா தினமும் ஒரு கட்டு அறுகம்புல் அறுத்து வருவாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே கொபாய்கள் எல்லாம் சேர்ந்து விசிலடிக்கும்.

"எம் புருஷன்கூட என்னிய இப்பிடிக் கூப்ட்டது இல்ல" என்பாள் அக்கா. "இதுங்களுக்கு வீடு இன்னா, வாசல் இன்னா! நீ ஒழுவுற கூரைக்கு வாடகை குடுத்துகினு கெட, தம்பி."

என் மனைவி கைக்குழந்தைக்காரியாக இருந்தாள். பெண் குழந்தை, பால்குடி மறக்காதது. மழைக்காலம் முடிகிற சமயம் அவளுக்குச் சாயங்காலச் சுரம் வர ஆரம்பித்தது. மூச்சு விட்டால் விலாவில் குத்தியது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, ஊசி குத்தி எடுத்தார். அன்றைக்கே இன்னொரு பெண்ணுக்கும் அதே போல நீர் எடுத்தார்கள். அவள் தையற்கடை வைத்திருந்த ஒரு பாயின் சம்சாரம்.

அந்த நீர் காசநோய் நீரா, வெறும் நீரா என்று பார்க்க அப்போது கொபாய்தான் வழி. நீரில் கொஞ்சத்தை அதன் தொடையில் ஏற்றி ஒன்றரை மாதம் காத்திருப்பார்கள். நோய் இருந்தால் அது இளைத்துச் சாகும். இல்லாவிட்டால் கொழுகொழுவென்று இருக்கும்.

"அது செத்தா உன் சம்சாரம் வார்டுக்குப் போவணும்" என்றார் டாக்டர். "குழந்தையப் பிரிச்சுத்தான் ஆவணும். கிட்டகூட விடக் கூடாது. பொழைச்சா ஒண்ணுமில்ல, வீட்லயே இருக்கட்டும்."

வெள்ளைக் கொபாய் இரண்டைப் பொறுக்கி எடுத்தேன். என் மனைவியின் நீர் ஏறியதற்குத் தலையில் மருந்துச் சாயத்தால் மஞ்சள் பொட்டு, பாய் வீட்டுக்காரியின் நீர் ஏறியதற்குப் பின்முதுகில் பொட்டு. தனியாகப் போட்டால் தீனி எடுக்காது என்பதால் இரண்டையும் ஒரே பெட்டியில், ஒரே பானையில் விட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நெல்லித்தோப்பில் சந்துக்குள் நான் திரும்பும்போதே வாசலில் நிற்பாள்.

"ஏங்க, அது தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"ஓடியாடுதா?"

"உன்னவிட நல்லா ஓடுது, போடி."

சிரிக்க மாட்டாள். குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே போவாள். எனக்காக ஒரு வாயில்லா ஜீவன் ஊசி வாங்கிக்கொண்டு இருக்கிறதே என்று சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுவாள்.

பொங்கல் வந்தது. மாட்டுப்பொங்கலன்று ஆஸ்பத்திரிக்கு விடுமுறை, ஆனால் பிராணிகளுக்கு வயிறு விடுமுறை எடுக்காது. தீனி வைக்கக் கிளம்பினேன். அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "கண்ணால ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். மறுக்க மனசு வரவில்லை. கையில் துணி போட்டு மூடிய தூக்கு ஒன்று வைத்திருந்தாள். பொங்கச் சோறு என்று நினைத்தேன்.

அறையில் அவளை நிறுத்தி, அந்தப் பெட்டியைக் காட்டிவிட்டு, கிணற்றடிக்குத் தண்ணீர் சேந்தப் போனேன். முயல் பெட்டிகளை எல்லாம் கழுவ வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது, புல்லோடு வந்திருந்த அக்காவின் இடுப்பில் குழந்தை இருந்தது. என் மனைவி தரையில் மண்டியிட்டு, மடியில் ஒரு கொபாயை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று பானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டும் தலையிலிருந்து பின்புறம் வரைக்கும் மஞ்சளாக இருந்தன. நெற்றியில் குங்குமம்.

வீட்டு மாட்டுக்குச் செய்வதைச் செய்திருந்தாள். முதலில் குளிப்பாட்டி, பிறகு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கரும்புத் துண்டும் கொடுத்திருந்தாள். எங்களுக்கு மாடு இல்லை. எங்களுக்காக உழைத்த பிராணி அந்த வருஷம் அதுதான்.

"எது நம்மளதுன்னு தெரியல" என்றாள். "பாவம், இன்னொண்ணு மட்டும் இன்னா பண்ணுச்சு? அதான் ரெண்டுக்கும் செஞ்சேன்."

அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். "தம்பி, பொட்டு எங்க?"

மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தேன். சாயம் தண்ணீரில் ஓடியிருந்தது. மிச்சம் இருந்திருந்தாலும் மஞ்சளுக்கு அடியில் மஞ்சளை எங்கே தேடுவது? என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து இரண்டையும் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டும் பொழைச்சா கவலையில்ல. ரெண்டும் செத்தாலும் நமக்குத் தெளிவாயிடும். ஒண்ணு மட்டும் செத்தாத்தான்..."

மீதியை அவர் சொல்லவில்லை. அந்த மீதி என்னோடு வீட்டுக்கு வந்தது, சாப்பிட உட்கார்ந்தது.

தை முடிகிற சமயம் ஒருநாள் அக்கா புல்லோடு வந்தாள். எல்லாப் பெட்டியிலிருந்தும் விசில் எழுந்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குரல்தான் வந்தது. அக்கா புல்லைப் போடாமல் அப்படியே நின்றாள். பானையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று இளைத்துப்போய், மூலையில் முள்ளுமுள்ளாக மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. தொடை மடிப்பில் தடவினால் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. மற்றது அதன் பக்கத்திலேயே ஒட்டிப் படுத்துக்கொண்டது. புல்லைத் தின்றுவிட்டு மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாமி கும்பிட முடியவில்லை. கோயிலுக்குப் போனேன், விளக்குக்கு எண்ணெய் விட்டேன், கையும் கூப்பினேன். ஆனால் என்னவென்று கேட்பது? இளைப்பது எங்கள் வீட்டுடையதாக இருக்கக் கூடாது என்று கேட்டால், அது பாய் வீட்டுடையதாக இருக்கட்டும் என்று கேட்டதாக ஆகும். சாமிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பாய் தினமும் அறை வாசலுக்கு வருவார். கழுத்தில் அளவு நாடா தொங்கும். உள்ளே வரமாட்டார்.

"அண்ணே, எங்க வூட்டுது எப்பிடியிருக்கு?"

"ஒண்ணு நல்லாயிருக்கு பாய்."

"எதுண்ணே?"

நடந்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் கேட்பார். வீட்டில் என் மனைவியும் அதையே வேறு விதமாகக் கேட்டாள்.

"தினமும் தொட்டுத் தூக்கறவருக்குத் தெரியாதா? மூஞ்சி அடையாளம்கூடவா தெரியாது?"

"சத்தியமா தெரியலடி. ரெண்டும் ஒரே வெள்ளை, ஒரே சைசு."

"எனக்குத்தான்னு தெரிஞ்சு மறைக்கிறீங்க" என்றாள்.

இளைத்தது ஒரு காலையில் பானைக்குள் விறைத்துக் கிடந்தது. டாக்டர் அறுத்துப் பார்த்தார். ஈரலிலும் மண்ணீரலிலும் விதை தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. காசநோய்தான். மற்றதையும் அன்றே மயக்கி அறுத்தார். அதற்குள்ளே ஒன்றுமில்லை, கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. திரும்ப நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றால் இரண்டு பெண்களுக்கும் நீர் வற்றியிருந்தது.

"யாருன்னு தெரியாதபோது ரெண்டு பேருந்தான்" என்றார் டாக்டர். "விட்டுட்டா ஒரு உயிர் போயிடும். ரெண்டு பேரும் வார்டுல சேரட்டும்."

என் மனைவி புறப்படும் முன் குழந்தைக்கு ஒருதரம் பால் கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டுக்கு வெளியே கம்பிவேலி ஓரம் நின்று பார்க்கலாம். முதல் ஞாயிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். வராந்தாவில் அவளும் பாய் வீட்டுக்காரியும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அடுத்தடுத்த கட்டில். வேலி ஓரம் பாயும் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்ணே" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "எங்க வூட்டுதுதான்னா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன். இப்பிடித் தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல."

"தெரியாது பாய்."

"தெரியும்."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையின் உச்சந்தலையில் வலது கையை வைத்தேன்.

"எம் பொண்ணு மேல ஆணை. எனக்குத் தெ..."

"புள்ள தலையில கை வைக்காதீங்க!"

வராந்தாவிலிருந்து என் மனைவி அலறினாள். வாய்த்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படி இறங்கி வேலியை நோக்கி ஓடிவந்தாள். நான் சொல்ல வந்தது பொய் என்றே அவள் நம்பியிருந்தாள். எடுங்க, கையை எடுங்க என்று கத்தினாள். நான் கையை எடுத்துவிட்டேன். அம்மாவைப் பார்த்த குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. வேலிக்குப் பத்தடி முன்னால் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து இரும ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. பாய் வீட்டுக்காரி பின்னாலேயே ஓடிவந்து அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கிகிட்டுப் போங்கண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "புள்ளையத் தூக்கிகிட்டுப் போயிடுங்க."