வாசலில் ஒரு பழுப்பு, உள்ளே ஒரு பழுப்பு

என் கல்லூரி வேதியியல் ரெக்கார்டு நோட்டில், ஒன்பதாவது சோதனைக்கு எதிரே தேதி 14 என்று இருக்கிறது. மாதத்தின் மேல் அமிலம் பட்டு ஓட்டை. ஆண்டு 1969, 1970 ஆகவும் இருக்கலாம். அன்று நாலரை மணிக்குள் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்காதவர்கள் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. எனக்கு அந்த ஒன்பதாவது மட்டும் பாக்கி.

சோதனை எளியது. வாய் அடைத்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு. வெந்நீரில் வைத்தது அடர்பழுப்பானது. ஐஸில் வைத்தது வெளுத்தது. இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தால் சிறிது நேரத்தில் ஒரே நிறத்துக்கு வந்தன. மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் நிறமில்லை, பிரிந்தால் பழுப்பு. சேர்வதும் பிரிவதும் ஒரே வேகத்தில் நடக்கும்போது நிறம் நிற்கும், அதுதான் சமநிலை. வகுப்பே 'இளம்பழுப்பு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டது.

என் மேசைக் கூட்டாளி பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் வீட்டுக்காரன். "இளம்பழுப்புன்னு ஒரு கலரே கிடையாதுபா. எங்கூட்டுல அப்பிடிச் சொன்னா சிரிப்பாங்க," என்றான். சோதனை இருவரும் சேர்ந்து செய்தது, முடிவையும் ஒன்றாகத்தான் எழுத வேண்டும். அவன் ஒப்பாமல் நான் எழுத முடியாது. சட்டைப்பையிலிருந்து பட்டுநூல் துண்டுகளை எடுத்தான். அவர்கள் வீட்டில் நிறத்தை வெயிலில்தான் ஒத்துப்பார்ப்பார்கள். குழாயோடு வாசலுக்குப் போனான்.

ஒரு நூல் பொருந்தியது. உள்ளே கொண்டுவந்தான், சற்று நேரத்தில் குழாய் வெளிறிவிட்டது. வேறு நூல் எடுத்தான். அதைச் சரிபார்க்க வெளியே போனான். குழாயின் நிறம் மறுபடி அடர்ந்துவிட்டது. இப்படி ஐந்து நடை.

"இன்னாய்யா, சாமி புறப்பாடா?" என்றார் பேராசிரியர். "தூக்கிக்கினு உள்ளயும் வெளியவும் சுத்துறே?"

"கலர் நிக்கல சார்."

"வெயில்ல சூடாவுது, நிழல்ல ஆறுது. அதது எடத்துக்கு ஒரு கலர். இதத்தானே காலையிலேர்ந்து நடத்துனேன்?"

"அப்ப எத எழுதறது சார்?"

"எங்க வெச்சுப் பாத்தியோ அத எழுது. நாலரைக்குப் பூட்டிடுவேன்."

மணி நாலு இருபத்தைந்து. அவன் இரண்டு நோட்டுகளிலும் இரண்டிரண்டு நூல் ஒட்டி, கீழே 'வாசல்', 'உள்ளே' என்று எழுதினான். பேராசிரியர் விரலால் தடவிப் பார்த்தார்.

"பட்டா?"

"பட்டுதான் சார்."

கையெழுத்துப் போட்டார்.

இன்று என் நோட்டில் இரண்டு நூல்களும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. 'வாசல்' நூல் வெளுத்துவிட்டதா, அல்லது அந்த ஐந்து நிமிட அவசரத்தில் ஒரே நூலை வெட்டி இரண்டு இடத்திலும் ஒட்டினானா என்று அவனைக் கேட்டேன். அவர்கள் வீட்டுச் சாயம் வெளுக்காது என்றான். மற்றது நினைவில்லையாம். அவன் நோட்டு கிடைக்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படவில்லை.