பச்சைக் கம்பளி

இது நடந்தது, சாமிகளா. நடந்தது அனுராதாவுக்கு. முள்ளுக்குறிச்சிக்காரி, கொல்லிமலை மேலே ஒரு சின்ன ஸ்டேஷனில் போலீஸ் வேலை. பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் அவளுக்கு. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறீர்கள், இல்லையா? இது பட்டப்பகலில் வந்தது. பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐப்பசி மாதம். ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஓர் ஓடையில், இது நடந்ததற்கு முந்தின நாள் காலை, பூங்குழலி என்கிற பெண்ணின் உடல் கிடைத்திருந்தது. தாண்டும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் புருஷன் யுவராஜ். உடம்பில் காயம் எதுவும் இல்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து, அவள் கட்டியிருந்த மஞ்சள் புடவை ஈரத்தோடு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது.

பூங்குழலியின் தாய் பாவாயி ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து மகள் தாண்டுகிற ஓடை, அதில் எப்படி விழுவாள் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டாள். அனுராதாவிடம் இன்னொன்றும் சொன்னாள். "சந்தையில அவளுக்கு ஒரு பச்சக் கம்பளி எடுத்துக் குடுத்தனுங்க. ஊட்டுல அதையுங் காணமுங்க."

ஒரு துணி ஒருவர் மேல் அழுந்தினால் அதன் நூல் ஒன்றிரண்டு அவர் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீர் அடித்துப் போனாலும் இடுப்பில் செருகிய மடிப்புக்குள் நின்றுவிடும். சேலத்து ஆய்வகத்தில் அதைத்தான் தேடுவார்கள். ஈரத்தோடு கட்டி அனுப்பினால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், நிழலில் காய வைத்துக் காகிதத்தில் மடித்துச் சீல் வைக்க வேண்டும். நடுவில் வேறு துணியின் நூல் விழுந்ததோ, அது ஒன்றே போதும். வக்கீல் யுவராஜை வெளியே கூட்டிப் போய்விடுவார். நியாயம் கேட்கப் பாவாயிக்கு அப்போது இருந்தது அந்தப் புடவை ஒன்றுதான்.

புடவை காயும் அறையில் காவலுக்கு அனுராதாவை உட்கார வைத்தார் ஏட்டு கந்தப்பன். "புடவகிட்டப் போகாம மூலையில உக்காந்துக்கங்க அம்மிணி. ஜன்னலுக்குக் கொக்கி இல்ல. கொரங்கு வந்து புடவயக் கட்டிக்கிட்டுப் போயிருச்சுன்னா எந்த மரத்துல ஏறித் தேடறது?" சொல்லிவிட்டு ஜீப்பில் ஓடைப் பக்கம் விசாரிக்கக் கிளம்பிப் போனார்.

அனுராதா கதவை உள்பக்கம் தாழிட்டாள். புதுக் கயிற்றில் புடவை. அதன் கீழே வெள்ளைக் காகிதம், உதிர்கிற நூலைப் பிடிக்க.

அது பாலியஸ்டர் புடவை. தண்ணீரைக் குடிக்காத துணி. எந்தப் பனிமூட்டத்திலும் சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் போட்டது. மத்தியானம் மூன்று மணி ஆகியும் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

காகிதத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மணி மூன்று இருபது. கரண்ட் போனது. ஜன்னலை மூட்டம் அடைத்துக்கொண்டது. அரைக்கைச் சட்டைக்குள் உடம்பு நடுங்கியது. எப்போது கண் அசந்தாள் என்று தெரியாது.

யாரோ போர்த்திவிட்டார்கள்.

இதமாக இருந்தது. ஏட்டய்யா வந்துவிட்டார் போல என்று நினைத்தாள். கழுத்தோரம் ஒரு கை கம்பளியைச் செருகியது. சின்னக் கை. வளையல் சத்தம்.

"குளிருதுங்களா?"

ம்ம் என்றாள், தூக்கத்திலேயே.

கம்பளி மேலே ஏறியது. மோவாய்... வாய்... மூக்கு.

அழுத்தியது.

மூச்சு இல்லை. கையை உதறினாள். கை வரவில்லை. வாய்க்குள் நூல்... புகை வாடை...

காதோரம் அதே குரல்.

"இப்படித்தானுங்க."

விட்டது.

நாற்காலியிலிருந்து தரையில் விழுந்து இருமினாள். மேலே கம்பளி எதுவும் இல்லை. தாழ் போட்டபடியே இருந்தது. ஜன்னலில் மூட்டம் மட்டும்.

சொட்டும் சத்தம் நின்றிருந்தது. புடவை காய்ந்து, காற்றே இல்லாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

காக்கிச் சட்டையின் கழுத்தெல்லாம் பச்சை நூல். நாக்கில் ஒன்று.

அவள் கத்தவில்லை, கண்ணுகளா. அந்த நேரத்திலும் ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. இந்தச் சட்டையோடு புடவைப் பக்கம் ஓர் அடி போனாலும் பாவாயிக்கு எதுவும் மிஞ்சாது. சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து, தாழை எடுத்து வெளியே வந்து நின்றாள்.

ஜீப் திரும்பி வந்தது.

"பேயறஞ்சாப்புல நிக்கறீங்களே, அம்மிணி?"

"நாந் தொடலீங்க ஏட்டய்யா. நீங்களே கட்டிருங்க."

கந்தப்பன் கையுறை மாட்டிக்கொண்டு புடவையை மடித்துச் சீல் வைத்தார். அனுராதா வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அறிக்கை வந்தது. புடவையின் இடுப்பு மடிப்புக்குள் பச்சை நூல். பூங்குழலியின் மூக்கிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியிலேயே சீல் வைத்ததிலும் அதே நூல். அதைக் காட்டியதும் யுவராஜ் ஒப்புக்கொண்டான். தூங்குகிறவள் முகத்தில் கம்பளியை வைத்து அழுத்தியிருக்கிறான். விடிவதற்குள் உடலை ஓடையில் போட்டுவிட்டு, மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் கம்பளியைக் கொளுத்திவிட்டான். கம்பளி என்று பேர்தான், உள்ளே பிளாஸ்டிக் நூல். அது சாம்பலாகாது, உருகும். அவன் காட்டிய இடத்தில் பச்சையும் கறுப்புமாக ஒரு கெட்டிக் கட்டி கிடந்தது.

கொளுத்தியது, அனுராதாவுக்குப் போர்த்திவிட்டதற்கு முந்தின நாள்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. வேறொரு வேலையாகச் சேலத்து ஆய்வகத்துக்குப் போனபோது, சட்டையிலிருந்து எடுத்த நாலு நூலைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனாள். புடவையைப் பரிசோதித்த அம்சவேணியிடம், இது கேஸுக்கு இல்லை, எனக்காகப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அம்சவேணி நுண்ணோக்கியில் கண் வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"அதே கம்பளிதானுங்க. ஆனா அந்தப் பொண்ணு மூக்குல இருந்த நூல்ல நுனி நல்லா இருந்துச்சு. இதுல பாருங்க... ஒவ்வொரு நுனியும் உருகி, குண்டூசித் தலையாட்டம் உருண்டு கெடக்கு."

நிமிர்ந்து அனுராதாவைப் பார்த்தாள்.

"எரிஞ்சதுக்கு அப்புறம் எடுத்ததுங்களா?"