கழிப்பறைத் திருப்பம்

எங்கள் பக்கத்து டவுனின் புது பஸ் ஸ்டாண்டைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. கட்டியவருக்குக்கூடத் தெரியாது. அவர் காகிதத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் அதற்குள் நின்றிருக்கிறேன்.

முன்பு எல்லாப் பஸ்ஸும் பழைய பஸ் ஸ்டாண்டில்தான். ஊருக்கு நடுவே ஒரே ஒரு வாசல். அதே வாசலில் பஸ் வரும், அதே வாசலில் போகும். உள்ளே திரும்ப இடம் இல்லாமல் விசில் ஊதிக்கொண்டே பின்னால் எடுப்பார்கள். இறங்குகிறவர் இறங்குவதற்கு முன்னால் ஏறுகிறவர் ஏறிவிடுவார். அடிதடி நடக்கும். இதையெல்லாம் ஒழிக்கத்தான் புது பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள். கட்டும்போது அங்கே கருவேல முள்ளாகக் கிடந்தது. இவ்வளவு தூரம் யார் நடந்து போவது என்று எல்லோரும் திட்டினோம். இப்போது அதைச் சுற்றித்தான் லாட்ஜும் ஓட்டலும்.

நடுவில் நீளமான கான்கிரீட் கூரை. அதன் இரண்டு பக்கமும் பஸ் நிற்கும் இடம். முன் வாசலில் நுழையும் பஸ் வாசல் பக்கமே ஆட்களை இறக்கிவிட்டு, கூரையை இடது பக்கம் வைத்துச் சுற்றி வர வேண்டும். சுற்றி வந்து, ஊர்ப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே மூக்கை நுழைத்து நிற்க வேண்டும். பயணிகள் பலகைக்குக் கீழே வரிசையில் நின்று ஏற வேண்டும். வரிசைக்காக இரும்புக் கம்பி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட அதில் யாரும் வரிசையாக நின்றதில்லை. பூக்காரம்மா அதில் வாழைநார் தொங்கவிடுகிறாள். உட்காரும் இருக்கைகளுக்கு நடுவேயும் கம்பி வைத்திருக்கிறார்கள். யாரும் படுத்துவிடக் கூடாதாம். முடியாதவன் எங்கே படுப்பான் என்று அதை வைத்தவர் யோசிக்கவே இல்லை.

கூரையின் பின்பக்கக் கோடியில் கட்டணக் கழிப்பறை. அதற்கு எதிரே கோட்டையூர், மானகிரி டவுன் பஸ்கள் நிற்கும். கழிப்பறைப் பக்கம் பஸ் திரும்பும்போது ஒரு பள்ளம். எவ்வளவு பெரிய டிரைவராக இருந்தாலும் அந்த இடத்தில் மெதுவாகத்தான் போக வேண்டும். சீட்டு கிடைப்பது அங்கேதான், பலகைக்குக் கீழே இல்லை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். எந்த சீட்டில் துண்டு விழுகிறதோ அது அந்தத் துண்டுக்காரருடையது. இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். குடித்துவிட்டு வருகிறவன்கூட மற்றவர் துண்டைத் தொட மாட்டான். பலகையை நம்பி நிற்கிற வெளியூர்க்காரர்கள் மதுரை வரை நின்றுகொண்டே போவார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பரிதாபம் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை பார்த்தவர். சர்க்கரை கிட்னியைத் தின்றுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் மதுரையில் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். தைத்த இடத்தில் காதை வைத்தால் தேனீ மாதிரி இரையும். அந்த இரைச்சல் இருக்கும்வரை கை வேலை செய்யும். அந்தக் கையை யாரும் இடிக்கக் கூடாது, அழுத்தக் கூடாது.

ஆரம்பத்தில் எனக்கும் கழிப்பறைத் திருப்பம் தெரியாது. பலகைக்குக் கீழேதான் நின்றோம். ஒரு நாள் பஸ்ஸுக்குள் நெரிசலில் அவர் கம்பிக்கும் ஒருவனுடைய அரிசி மூட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். மேலூர் தாண்டும் வரை அந்தக் கை நசுங்கியே வந்தது. அன்று சாயங்காலம் இரைச்சல் நின்றுவிட்டது. அப்புறம் கழுத்தில் குழாய், காய்ச்சல், எல்லாம். கடைசியில் வலது கையில் தைத்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதையாவது பத்திரமா வச்சுக்கங்க. மூணாவது கைக்கு எங்க போவீங்க?"

அதற்குப் பிறகு எனக்கு வேண்டியது ஒரே ஒரு சீட்டு. டிரைவர் இருக்கிற வலது பக்கத்தில் ஒரு ஜன்னல் சீட்டு. அதில் உட்கார்ந்தால் வலது கை ஜன்னல் ஓரம் போய்விடும். நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நின்றாலும் அவரை யாரும் இடிக்க முடியாது. நாங்கள் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவதே கழிப்பறைக்கு எதிரில்தான். மதுரை பஸ் திரும்பும்போது வலது ஜன்னல்கள் என் பக்கம் வரும். ஓடித் துண்டைப் போடுவேன். ஐம்பத்திரண்டு வயசில் ஓடினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மழையில் டவுன் பஸ் தாமதம். நாங்கள் இறங்கும்போது மதுரை பஸ் பலகைக்குக் கீழே போய் நின்றுவிட்டது. அவரை மெதுவாக வரச் சொல்லிவிட்டு நான் முண்டியடித்து உள்ளே ஏறினேன். எல்லா சீட்டிலும் ஆள், இல்லையென்றால் துண்டு, பை, குடை. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் ஒரு ரோஸ் கலர் துண்டு கிடந்தது. ஆள் இன்னும் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தத் துண்டை எடுத்து, மழைக்கு மூடியிருந்த ஜன்னலைத் திறந்து வெளியே போட்டுவிட்டு, திரும்ப மூடினேன்.

பெரியவர் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஏறியதும் அவரை அங்கே உட்கார வைத்து, பெரியவர் காலுக்குக் குறுக்கே நான் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓர் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். சேலைக்கு அடியில் பை கட்டியிருந்தது. வயிற்றை அறுத்தவர்களுக்கு மலம் இறங்குவதற்காகக் கட்டுகிற பை அது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராண்டாவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"யக்கா, இந்த சீட்டுல ரோஸ் துண்டு போட்டிருந்தேனே, பாத்தீகளா?"

"இங்க துண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வரும்போது வெறும் சீட்டுத்தான் கெடந்துச்சு."

"இல்லக்கா, இதே சீட்டுத்தான். கக்கூஸ்கிட்ட ஓடியாந்து போட்டேன். அம்மாவுக்கு ஆப்பரேஷன் பண்ணி ஒம்பது நாளுதான் ஆகுது. நாங்க மானகிரிக்கா. அங்க ஏறுனா சீட்டு கெடைக்காதுன்னுதான் பின்னால இங்குட்டு வந்து ஏறுறோம்."

"ஆத்தா, வேற எங்கயாச்சும் போட்டிருப்பே. அங்குட்டுப் போயிப் பாரு."

அவள் பெரியவரிடம் திரும்பினாள். "அய்யா, நீங்க பக்கத்துலயே இருந்தீகளே. சொல்லுங்கய்யா."

பெரியவர் என்னைப் பார்க்காமலே, "வெறும் சீட்டுத்தாம்மா" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எழுந்து இடம் கொடுக்க வேண்டி வரும் என்று பயந்திருப்பார். பின் சீட்டில் ஒருத்தி, "சீட்டுக்குச் சண்ட போடுறதுக்குன்னே வீட்டுல சாப்புட்டு வருவாளுக போல" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் வந்தார். பெண் அவரிடம் முறையிட்டாள்.

"துண்டுக்கெல்லாம் நான் பஞ்சாயத்து பண்ண முடியாதும்மா. ஏறுனவுக உக்காந்துட்டாக. நகருங்க, வழிய விடுங்க."

பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்கள். எடுத்ததும் முன் கண்ணாடியில், பஸ் நின்ற இடத்தில், டீசல் தண்ணிக்குள் ரோஸ் துண்டு கிடப்பது தெரிந்தது.

"அந்தா! அந்தா கெடக்கு என் துண்டு!" என்று அவள் கத்தினாள். "நீங்கதானே தூக்கிப் போட்டீக? சொல்லுங்கக்கா, நீங்கதானே?"

"காத்துல விழுந்திருக்கும்."

"துண்டப் போட்டதும் மழைக்கு நாந்தானே ஜன்னல மூடிட்டுப் போனேன்? மூடுன ஜன்னல்ல காத்து எப்படி வரும்? நல்லா இருப்பீகளா நீங்க?"

அவள் அம்மா, "விடுடி, விடுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"நீதான் போட்டியா?"

"பேசாம உக்காருங்க."

"அந்தம்மா நிக்கிறாகடி. நான் எந்திரிக்கிறேன், விடு."

"எந்திரிச்சீகன்னா நான் இப்பவே எறங்கிருவேன். கை போச்சுன்னா யாரு பாப்பா? இவளா வந்து பாப்பா?"

அதைச் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் நோயைச் சொல்லி நான் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் விட்டுக் கொடுத்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் கேட்டால் அவளுடைய அம்மாவைப் பற்றியும் நான் கேட்க வேண்டி வரும். அவர் கையா, அவள் வயிறா என்று நிறுத்துப் பார்க்க வேண்டி வரும். அதில் நான் தோற்றுவிடுவேனோ என்று பயம். அதனால் பொய்யே போதும் என்று இருந்துவிட்டேன்.

பஸ் முழுக்க அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மானகிரி வந்தது. தன் ஊரை அந்த அம்மா நின்றுகொண்டே தாண்டினாள். அங்கே இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். திருப்பத்தூரில் அவளால் முடியவில்லை. கியர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெண் இரண்டு கைகளையும் அரணாக வைத்து, யாரும் வயிற்றில் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள். நான் இவருக்குச் செய்ததைத்தான் அவளும் செய்தாள். மதுரை வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் பார்த்தேன். தலையைக் குனியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். "சூப்பரா ஓடுதுப்பா" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு மணி நேரம் மிஷின் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் பேசினார். "இனிமே எனக்கு நீ துண்டு போடக் கூடாது" என்றார். "கெடைச்சா உக்காருவேன். இல்லன்னா நிப்பேன்."

"நின்னா கை போயிரும்."

"போனாப் போகட்டும். என் கைதானே."

அவர் கையாம். இரண்டு தடவை அறுத்துத் தைக்கும்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தது நான். சாப்பாட்டில் உப்பைப் பிடுங்கியது நான், குடிக்கிற தண்ணீரை அளந்தது நான். அது அவருடைய கை மட்டும் என்று யார் சொன்னது?

அடுத்த செவ்வாய்க்கிழமை மதுரை பஸ் திரும்பியது. அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கையால் பிடித்திருந்தார், அந்தக் கையாலேயே. இழுத்தால் தையல் நோகும் என்று அவருக்குத் தெரியும், நான் இழுக்க மாட்டேன் என்றும் தெரியும். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் போயின. மற்றவர்கள் ஓடினார்கள். நான் இடது கையில் இருந்த துண்டை மட்டும் வீசினேன். ஜன்னல் கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது.

அவர் முந்தானையை விட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறினார். நான் பிடித்த சீட்டில் உட்கார்ந்தார். இன்றைக்கு வரை உட்காருகிறார், கை ஓடுகிறது. பஸ்ஸுக்குள் மட்டும் என்னோடு பேசுவதில்லை.