இரண்டாவது கோல்கீப்பர்

உமாராணி மலேசியப் பெண்கள் வாட்டர் போலோ அணியில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தாள். அப்படியென்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். முதல் கோல்கீப்பருக்கு ஒன்றும் ஆகாதவரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. முதல் கோல்கீப்பர் மெய் ஷான், பினாங்கு சீனப் பெண், நல்ல ஆரோக்கியசாலி. அவளுக்குப் பல வருஷங்களாக ஒன்றும் ஆகவில்லை.

பீடோங்கை அடுத்த ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் உமாராணி. அம்மா புஷ்பவள்ளி அங்கே உதிரிப்பழம் பொறுக்கினார். பம்ப் வீட்டுக்குப் பின்னால் இருந்த அணையில் தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் குதித்துக் குளிப்பார்கள். அவளும் அங்கேதான் நீந்தப் பழகினாள். வயசுக்கு மீறிய உயரம். கை நீளம். பள்ளியில் வலைப்பந்து ஆடினாள். படிப்பு முடிந்து சுங்கை பட்டாணியில் பொது நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் கிருபாநந்தன் அவளைப் பார்த்தார். அலோர் ஸ்டாரில் கணக்கு வாத்தியாராக இருந்த யாழ்ப்பாணத் தமிழர், கெடா மாநில அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து ஆழமான பக்கத்தில் அவள் சும்மா மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்து, ஒரு பந்தைத் தூக்கி எறிந்தார். அவள் ஒற்றைக் கையால் பிடித்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

மாநில அணியிலிருந்து தேசிய அணிக்குப் போனதும் வேகமாக நடந்தது, கிருபாநந்தனும் பயிற்சியாளராகக் கூடப் போனார். அதன் பிறகு எதுவும் வேகமாக நடக்கவில்லை.

அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி, ரூபினி பிறந்து, கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. கணவன் குணாளன் கூலிமில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவன் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இவள் கிளம்புவாள். வாசலில் பார்த்துப் பேசிக்கொள்வதுதான் பல நாள் பேச்சு. பயிற்சி முகாம் கோலாலம்பூரில். வெள்ளிக்கிழமை ரயிலேறி ஞாயிறு திரும்பி, திங்கள் காலையில் கையுறைகளுக்கு முன்னால் நிற்பாள். ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனாலே சூப்பர்வைசர் பெருமூச்சு விடுவார். புஷ்பவள்ளி பேத்தியைப் பார்த்துக்கொண்டார். பந்து, தண்ணீர், பெண்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்கிச் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. மகள் குர்சுஸ், அதாவது பயிற்சி வகுப்பு, போயிருக்கிறாள், கம்பெனி அனுப்புகிறது என்று சொல்லி முடித்துவிடுவார்.

இத்தனைக்கும் பிறகு அவள் போய்ச் செய்தது உட்கார்ந்திருந்ததுதான். சிங்கப்பூர், ஜகார்த்தா, மணிலா என்று எங்கு போனாலும் ஒரே பெஞ்ச். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசி நிமிஷங்களில் மட்டும் தண்ணீருக்குள் அனுப்புவார்கள். ஒருமுறை அவள் ஊருக்குத் திரும்பிய அன்று குணாளன் கேட்டான், "போய் உட்கார்ந்துட்டு வர்றதுக்கு இவ்ளோ தூரமா உமா?" குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பாங்காக் போட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அன்றே அவனிடம் சொன்னாள்.

பாங்காக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே குளத்தில் போட்டி. ஆண்கள் ஆட்டமெல்லாம் சாயங்காலம். அப்போது கூட்டமும் மேளமும் இருக்கும். பெண்கள் ஆட்டம் காலையில். பார்வையாளர் வரிசைகளில் துப்புரவுத் தொழிலாளர்கள் முந்தைய நாள் குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள்தான் முக்கால்வாசி ரசிகர்கள்.

முதல் ஆட்டம் தாய்லாந்தோடு. நான்கு பகுதிகளில் இரண்டாவதில், கோலுக்கு முன்னால் ஒரு நெரிசலில் எதிரணிக்காரி ஒருத்தி மெய் ஷானின் தோள்மேல் விழுந்தாள். மெய் ஷான் கத்தவில்லை. ஒரு கையால் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், முகம் வெளுத்துப்போய். கிருபாநந்தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"உமா, உன்னால ஏலுமே பிள்ளை?"

அவள் துண்டை எடுத்து வைத்துவிட்டு இறங்கினாள். இத்தனை வருஷம் காத்திருந்த நேரம் அது. ஆனால் அவளுக்குத் தோன்றியதெல்லாம் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, கால் மரத்துப்போயிருக்கிறது என்பதுதான். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். மெய் ஷானை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. பதிலுக்கு ஊரிலிருந்து ஆளை வரவழைக்க விதியில் இடமில்லை. மீதி ஆட்டமெல்லாம் உமாராணியுடையது.

இந்த விளையாட்டில் குளத்தின் தரையைத் தொடக்கூடாது, தொடவும் முடியாது, அவ்வளவு ஆழம். ஆட்டம் முழுக்கக் கால்களைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோல்கீப்பர் பந்து வரும்போது இடுப்புவரை தண்ணீருக்கு மேலே எழும்ப வேண்டும். பயிற்சியில் செய்ததுதான். ஆனால் மறுநாள் கசகஸ்தானோடு ஆடியபோது பந்து வந்துகொண்டே இருந்தது. நல்ல உயரமான பெண்கள், தோள் ஒவ்வொன்றும் குணாளன் தோள் அளவு. எழும்புவாள், பந்து விரல் நுனியை உரசிக்கொண்டு வலைக்குள் போகும். திரும்பி நீந்திப் போய் அதை எடுத்து நடுவுக்கு எறிவாள். கொஞ்ச நேரத்தில் அடுத்தது வரும். மூன்றாம் பகுதியில் கால்கள் இருக்கிற இடமே தெரியாமல் போனபோது, பழக்கமில்லாத ஒன்றைச் செய்தாள். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மெய் ஷான் கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, "காக் உமா! காக் உமா!" என்று மலாயில் அக்கா போட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். மாற்றுக்கு இறங்க ஆள் இல்லை. இத்தனை வருஷம் மெய் ஷான் களைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அங்கே தான் இருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இருபத்து நான்குக்கு இரண்டு. ஆட்டம் முடிந்ததும் ஏணியில் ஏற அவளுக்குத் தெம்பில்லை. இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இழுத்து மேலே போட்டார்கள். பஸ்ஸில் வாயைப் பிளந்தபடி தூங்கினாள்.

கடைசி ஆட்டம் சிங்கப்பூரோடு. ஜெயித்தாலும் கடைசிக்கு ஒரு படி மேலேதான். ஆனாலும் அன்று எல்லாரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒன்பதுக்கு ஒன்பது என்று சமனாகி, பெனால்டிக்குப் போனது. உமாராணி இரண்டைத் தடுத்தாள். ஒன்று நெஞ்சில் பட்டுத் திரும்பியது, ஒன்றை முழுக்கையும் நீட்டித் தட்டிவிட்டாள். மலேசியப் பெண்கள் மூன்றைத் தவறவிட்டார்கள். அவ்வளவுதான். சிங்கப்பூர் கோல்கீப்பர் நீந்தி வந்து கட்டிக்கொண்டாள். உமாராணிக்கு அழுகை வரவில்லை. யாரும் பார்க்காத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் குணாளன் நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக அவள் கிராப் டாக்ஸி பிடித்துத்தான் வீட்டுக்குப் போவாள். பையை வாங்கிக் காரில் வைத்தான். பிறகு, சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேன்டீனில் போனில் ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னான். கூட வேலை செய்யும் மலாய்க்காரர்களும் சுற்றி நின்று பார்த்தார்களாம்.

"எந்த மேட்ச்?"

"கசகஸ்தான்."

"அதப் போய் ஏன் பார்த்தீங்க? சிங்கப்பூர் மேட்ச் நல்லா இருந்துச்சே."

"அன்னிக்கு எனக்கு வேற ஷிஃப்ட்லா." சிக்னலில் வண்டியை நிறுத்தினான். "ஒவ்வொரு கோலுக்கும் நீதான் போய் பந்த எடுத்துக் குடுக்கிற. உள்ள போகுது, நீ எடுக்கிற. மறுபடியும் போகுது, மறுபடியும் எடுக்கிற. எனக்குத் தெரியாது உமா, இவ்ளோ பெனாட்டு, இவ்ளோ களைப்புன்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடுவரை அழுதாள்.

சொன்னபடி நிறுத்திவிடத்தான் நினைத்திருந்தாள். கிருபாநந்தன் அலோர் ஸ்டாரிலிருந்து தானே காரோட்டிக்கொண்டு வந்தார். மெய் ஷானுக்கு ஆபரேஷன், திரும்பி வர ஒரு வருஷமாவது ஆகும் என்றார். ஹனோயில் அடுத்த போட்டி இருக்கிறது. கோலில் நிற்க ஆளில்லாவிட்டால் அணியையே அனுப்பமாட்டார்கள். ஜொகூரிலிருந்து ரமணி என்று ஒரு கல்லூரிப் பெண் வந்திருக்கிறாள், இன்னும் தேறவில்லை. இதையெல்லாம் அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார், குடிக்கவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது என்று உமாராணிக்குத் தோன்றியது.

அவள் பதில் சொல்வதற்குள் குணாளன், "போயேன் உமா. நான் ரூபினியப் பார்த்துக்கிறேன்" என்றான்.

கல்யாணமான நாள் முதல் அவன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அவன் அன்று அப்படிக் கேட்டதிலிருந்து, அவனுக்காக நிறுத்துகிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அவன் தலையாட்டியும், தான் மட்டும் களைத்துப்போய் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மெய் ஷான் வர்ற வரைக்கும் நிக்கிறேன் சார்," என்றாள். "அவ வந்த பிறகு என்னப் பெஞ்சுக்குக் கூப்பிடாதீங்க."

கிருபாநந்தன் சரி என்றார்.

அந்த ஒரு வருஷம் அவள் நாட்டின் முதல் கோல்கீப்பராக இருந்தாள். காலை ஷிஃப்ட், சாயங்காலம் அலோர் ஸ்டார் குளம், வாரக்கடைசி கோலாலம்பூர். முட்டியில் நீர் கோத்துக்கொண்டது. குளோரினில் முடி செம்பட்டையாகிக் கொட்டியது. ரமணி முகாமுக்கு வந்த முதல் நாளிலிருந்து தவறாமல் வந்தாள். எல்லாப் பயிற்சியும் செய்தாள். பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் உட்காரும் விதத்தை உமாராணியால் பார்க்க முடியவில்லை. ரமணியை ஆட்டத்துக்கு ஒரு பகுதியாவது இறக்குங்கள் என்று கிருபாநந்தனிடம் கேட்டாள். ஜெயிக்க வாய்ப்பில்லாத ஆட்டத்தில் பார்க்கலாம் என்றார் அவர். அது உமாராணிக்கு நன்றாகத் தெரிந்த பதில்.

ஹனோயில் பிலிப்பைன்ஸோடு ஆடியபோது மூன்று பகுதி முடிந்து மலேசியா ஒரு கோல் முன்னால் இருந்தது. இடைவேளையில் உமாராணி சுவரோரம் நீந்தி வந்து, காலில் பிடிப்பு, தொடர முடியாது என்று சொன்னாள். பிடிப்பு எதுவும் இல்லை. களைப்பு இருந்தது, ஆனால் அது எப்போதும் இருப்பது. கிருபாநந்தன் குனிந்து அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ரமணியை இறங்கச் சொன்னார்.

ரமணி முதல் பந்தைத் தடுத்தாள். அடுத்த இரண்டை விட்டாள். ஒன்றைக் கம்பம் காப்பாற்றியது. கடைசி நிமிஷத்தில் மிகச் சுலபமான ஒரு பந்து அவள் கைக்கு அடியில் நழுவிப் போனது. இரண்டு கோலில் தோற்றார்கள். தண்ணீரை விட்டு ஏறியதும் ரமணி யாரிடமும் பேசாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அணிப் பெண்களில் இரண்டு பேர் உமாராணியிடம் நேராகவே கேட்டார்கள், உண்மையிலேயே காலில் பிடிப்பா என்று. ஆமாம் என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் கிருபாநந்தன் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஜெயிக்க வேண்டிய ஆட்டம் பிள்ளை," என்றார் மெதுவாக.

"தெரியும் சார்."

"அந்தப் பிள்ளைக்கும் நல்லது செய்ததா எனக்குத் தெரியேல்ல."

ரமணி அன்று சாப்பிட வரவில்லை. செய்தது சரியா என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. தன்னை ஒருமுறையாவது யாராவது இப்படி இறக்கிவிட்டிருந்தால் தானும் இதே மாதிரிதான் தோற்றிருப்போமோ என்று நினைத்தாள். நினைக்க நினைக்கக் களைப்பாக இருந்தது. ரமணி அடுத்த முகாமுக்கு வந்தாள். உமாராணியிடம் பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

மெய் ஷான் குணமாகித் திரும்பிய வாரம் உமாராணி பயிற்சிக்குப் போய் அவளோடு ஒரு முழு நாள் தண்ணீரில் இருந்தாள். ஒருவர் மாற்றி ஒருவர் கோலில் நின்றார்கள். சாயங்காலம் கிருபாநந்தனிடம் சொல்லிக்கொண்டு ரயிலேறினாள். வழியனுப்பு விழா எதுவும் இல்லை. மெய் ஷான் ஸ்டேஷன்வரை வந்து ஒரு பாக்கெட் தாவ் சார் பியா, பினாங்குப் பயறு பிஸ்கட், வாங்கிக் கையில் திணித்தாள்.

இப்போது உமாராணிக்குக் காலை ஷிஃப்ட் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குணாளனும் அவளும் ரூபினியைக் கூட்டிக்கொண்டு தஞ்சோங் டாவாய் போய் மீனும் நெத்திலியும் வாங்கி வருகிறார்கள். படகுத்துறையில் ரூபினி தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டால் குணாளன்தான் வேண்டாம் என்கிறான். அசோசியேஷன்காரர்கள் நடுவர் தேர்வு எழுதச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். தண்ணீருக்கு ஏங்குகிறதா என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் இல்லை என்கிறாள். மத்தியானம் மீன்குழம்பு வைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறாள். சாயங்காலம்வரை யாரும் அவளை எழுப்புவதில்லை.