ஓடுற வீட்டுக்கு வைத்த விளக்கு

சிலிக்கான் பசைக் குழாயின் மூக்கை நறுக்கியதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தாற்போல் குப்பென்று ஒரு புளிப்பு நெடி வரும். இன்றைக்கும் எந்த ஹார்டுவேர் கடையில் அது அடித்தாலும் எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடும்.

அப்பா ஒரு பழைய வேனை வாங்கி, படுக்க இரண்டு பலகை, அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் வைத்து வீடாகவே மாற்றியிருந்தார். பள்ளி விடுமுறையில் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போவோம். சமையல், தூக்கம், வியாபாரம், அப்பா அம்மா சண்டை எல்லாம் அதற்குள்தான். திண்டுக்கல்லில் எங்கள் தெருவே அதை "ஓடுற வீடு" என்று கேலி செய்யும். நான் ஆறாவது முடித்த கோடையில், வேனின் வெளிப்பக்கம் இரண்டு விளக்கு பொருத்த அம்மாவின் தம்பி வந்தார். மாமா எலக்ட்ரீஷியன். தகரத்தில் துளை போட்டு, வயரை உள்ளே விட்டு, சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி விளக்குக்கு அடியில் "மெத்தை" கொடுத்து முடுக்கினார். மழைத்தண்ணீர் இறங்காமல் விளிம்பில் பசை பூசும் வேலையை நான்தான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

"மேலயும் ரெண்டு பக்கமும் பூசு தாயி, கீழ மட்டும் விட்டுரு. தப்பித்தவறி உள்ள போற தண்ணி வெளிய வரணும்ல. செத்த நேரத்துல வாரேன்," என்று சாப்பிடப் போனார்.

எனக்கோ கீழே விட்ட இடம் பல் விழுந்த வாய் மாதிரி அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் சேர்த்துப் பூசி, விரலால் வழித்து வழவழப்பாக்கினேன். மாமா திரும்பி வந்து மேலோட்டமாகப் பார்த்து, "அடேயப்பா, இனி எனக்கு வேல கெடைக்காது போலயே," என்றார்.

கன்னிவாடிப் பக்கம் ஒரு திருவிழாவில் கோடைமழை கொட்டியது. விளக்குக்குள் கசிந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிரம்பி, வயர்த் துளை வழியாக உள்ளே வழிந்து சேலைக் கட்டுகளில் இறங்கிவிட்டது. சிவப்புச் சாயம் வெள்ளைப் புள்ளிகளில் ஊறி அம்புட்டும் பாழ்.

ஊர் திரும்பியதும் அப்பா மாமாவை வரச்சொல்லி, "ஒரு ஓட்டைய அடைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எலக்ட்ரீஷியனா மாப்ள?" என்று தெருவே பார்க்கக் கத்தினார். மாமா எக்கி, விளக்கின் அடிவிளிம்பை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஆமா மச்சான், என் கைத்தப்புதான்," என்றார்.

அதோடு அப்பா அவரை வேன் பக்கம் அண்டவிடவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் மாமா இல்லை; அம்மா தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன், அப்பா நிமிர்ந்து பார்த்ததும், "தண்ணி வேணுமாப்பா?" என்று மாற்றிவிடுவேன்.

வேன் எப்போதோ பழைய இரும்புக்குப் போனது. அப்பா போன தையில் போய்விட்டார். காரியத்துக்கு வந்த மாமாவை வத்தலக்குண்டு பஸ் ஏற்றிவிடும்போதுதான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே தாயி," என்று சிரித்தார். படியில் ஏறி நின்றவர், சிரிப்பு மாறாமலே கேட்டார்: "மச்சான் காதுல போட்டியா?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் வழியனுப்புவதுபோல் கையை ஆட்டினேன்.