கேமராவுக்கு வைத்த சந்தனம்

கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள். லடாக் போகிறாளாம், வீடியோவும் போட்டோவும் எடுக்கக் கைக்கடக்கமாக ஒரு கேமரா வேண்டுமாம், கூடவே வேறு என்னென்ன வாங்கலாம் என்று. இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஆள் என்று பெயர். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் வாழ்நாளில் வாங்கியது ஒரே ஒரு கேமராதான். அதற்குப் படித்த படிப்பைப் பரீட்சைக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. திருத்தணியிலிருந்து சென்னைக்குத் தினமும் ரயில். நைனாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நைனா பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எல்லைப் பக்கம் ஓடுகிற பஸ் என்பதால் தமிழில் 'ஏறு ஏறு' என்று ஒரு தடவை, தெலுங்கில் 'எக்கு எக்கு' என்று ஒரு தடவை கூவுவார். கட்டி வந்து கரகரத்துப் போயிருந்தாலும் அது அவர் குரல்தான். போனில் தேடினால் இருப்பதெல்லாம் கல்யாண வீடியோ. எல்லாவற்றிலும் மேளம்தான் கேட்கிறது, நைனா ஓரமாக வாயசைக்கிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பழைய ரூட்டிலேயே கூட்டிப்போய், பேசுவதையெல்லாம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். போனை நம்ப மனம் வரவில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, போனில் ஒவ்வொரு கேமராவாக, இதில் திரை திரும்புமா, கை ஆடினால் படம் ஆடுமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பித்துப் பிடித்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதை என்னால் மாற்ற முடியாது. கேமராவையாவது சரியாகப் பார்த்து வாங்கலாமே.

அரக்கோணத்தில் பழைய கேமரா வாங்கி விற்கிற அன்வர் பாயிடம் போனேன். மைக் சொருகுகிற மாடல் வர ஒரு வாரமாகும் என்றார். எனக்கு ஏது ஒரு வாரம்? கடையில் இருந்ததையே எடுத்து வைத்தார். கூடவே உபரி பேட்டரி, மெமரி கார்டு, கால் வளைகிற குட்டி ஸ்டாண்டு, காற்றுச் சத்தம் வராமல் மேலே ஒட்ட ஒரு துண்டுப் பஞ்சு.

"மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்குது பாருங்க. அதான் இதுக்குக் காது. அத மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப்பொருளும் மலைக்குப் போய் முருகன் காலடியில் வைத்து வாங்காமல் வேலைக்கு வராது. மிக்ஸி கூட மலையேறி வந்ததுதான். கேமராவையும் அப்படியே வைத்து வாங்கினோம். வெளியே வந்து நான் செருப்பு எடுக்கப் போன நேரத்தில் நைனா கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

"பயப்படாதடா. கண்ணுல வெக்கல" என்றார்.

லென்ஸைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நிம்மதியாகி, மேலே பஞ்சை அவசரமாக ஒட்டிக்கொண்டு நேராக பஸ் ஏறினோம். அன்றைய கண்டக்டர் நைனாவுக்குத் தெரிந்த பையன், விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டான். பொதட்டூர்பேட்டையில் லுங்கிக் கட்டுகளோடு ஏறியவர்களை நைனா தெலுங்கில் திட்டி உள்ளே தள்ளினார். பஸ்ஸே சிரித்தது. சின்னத் திரையில் போட்டுப் பார்த்தோம். அந்த இரைச்சலில் என்ன கேட்கும்? படம் அழகாக வந்திருந்தது. மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கழுத்தில் துணி கட்டி வீட்டுக்கு வந்தபிறகு ஒரு சாயங்காலம் அதை டிவியில் போட்டேன். இன்ஜின் மட்டும் போர்வைக்குள் முனகுவது போல உறுமியது. நைனா வாய் திறந்து கூவுகிறார், ஒன்றுமே கேட்கவில்லை. சத்தமாக வைக்கச் சொன்னாள் அம்மா. ஏற்கெனவே கடைசி வரை வைத்திருந்தேன்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு அரக்கோணம் ஓடினேன். அன்வர் பாய் பஞ்சை உரித்தார். அந்த ஓட்டைகள் இரண்டுமே பொட்டு வைக்கவென்றே அளவெடுத்துச் செய்தவை மாதிரி இருந்திருக்கின்றன நைனாவுக்கு. காய்ந்து இறுகிப்போயிருந்தது சந்தனம். பாய் ஊசியால் கிண்டி, ஊதி, துணியால் துடைத்தார்.

"எடுத்துட்டேன். இனிமே நல்லா கேக்கும்ங்க" என்றார்.

கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கார்டு கோளாறு என்று நைனாவிடம் பொய் சொன்னேன். இன்றுவரை அவருக்கு அதுதான் தெரியும்.

என்னைத் தெலுங்கில் 'சின்னோடா', சின்னவனே, என்று கூப்பிட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். இப்போது கை தட்டிக் கூப்பிடுகிறார். ஆளில்லாத நேரத்தில் அவர் சொல்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். என் குரல்தான் வருகிறது.