அறுபத்தைந்து கிலோ மாப்பிள்ளை

கபடிக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவனுக்குப் பாதி வேலை மைதானத்தில். மீதிப் பாதி அடுத்தவன் வீட்டு அடுப்படியில். யாரையாவது இளைக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து நீங்களும் எப்போதாவது மாட்டிக்கொண்டிருந்தால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பாகூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சாயங்காலமானால் ஊர்க் கபடிக் குழுவுக்கு நான்தான் எல்லாம்.

மில் தராசு

எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் ஆடுகிற ஒவ்வொருவனும் அறுபத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். எங்கள் குழுவில் எதிரணிக் கோட்டுக்குள் பாடிப்போக ஏழுமலையை விட்டால் ஆள் கிடையாது. போன வருஷம் வில்லியனூர் பக்கத்து ஊர் ஒன்றில் இறுதி ஆட்டத்தில் ஒரே பாயின்ட்டில் தோற்றோம். தோற்ற ஊரிலேயே இவன் இந்த வைகாசியில் பெண்ணும் எடுத்தான். இந்த வருஷமும் பந்தயம் அதே ஊரில், ஆடிக் கடைசியில்.

கல்யாணமான மறுநாள் தொடங்கி ஒரு மாதம் சொந்தக்காரர் வீடெல்லாம் விருந்து. அது முடிந்து மைதானத்துக்கு வந்தவனைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நேரே ரைஸ் மில்லுக்கு இழுத்துப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். எழுபத்தொன்று. கையில் இருந்ததோ நாற்பத்தைந்து நாள். மாமனார் ஊர் முழுக்கக் கூடி நிற்கும்போது இவனைத் தராசிலிருந்து இறக்கிவிட்டால் என்ன ஆவான்? மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெல்லுன்னா காய வச்சா எட கொறையும் மாஸ்டர். இவன இன்னா பண்ணப் போறீங்க?"

ராத்திரிப் பட்டியல்

அன்று எனக்கு வந்த வேகம் இருக்கிறதே, வேறு எந்த வேலைக்கும் வந்ததில்லை. ஒரே மூச்சில் நோட்டுத் தாள் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம். மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, கீரை, குழம்பில் போட்ட மீன், வறுத்தது கூடாது. ராத்திரி சோறே கிடையாது. விடிந்ததும் ஏரிக்கரையில் ஓட்டம், சாயங்காலம் தண்டால், பஸ்கி, கிணற்றுக் கயிற்றை வெட்டிச் செய்த ஸ்கிப்பிங். இதற்கு மேல் ஒருவன் இளைக்காமல் இருக்க முடியாது என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தராசு எழுபத்தொன்றரை காட்டியது. தராசில்தான் கோளாறு என்று மில்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன். பிறகுதான் ஏழுமலையிடம் நிதானமாக விசாரித்தேன். அவர்கள் வீட்டில் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். ராத்திரி சோறு சமைக்காமல் பலகாரம் சாப்பிடுவது வழக்கம். பட்டியலையும் அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டார்கள். பையன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்: "தெனமும் வெரதந்தான் மாஸ்டர், பன்னெண்டு இட்லிக்கு மேல தொடவே இல்ல."

ஏரிக்கரை ஓட்டம்

இட்லியை மூன்றாக்கினேன். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினேன். ஆனால் எங்கள் ஊரில் காரணமில்லாமல் ஒருவன் ஓடினால் யாரும் சும்மா விடமாட்டார்கள். ஏதோ அவசரம், யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நடவுக்குப் போகிற பெண்கள் நிறுத்தி விசாரித்தார்கள். பால்காரர் கோவிந்தன் கேனைக் கீழே இறக்கிவைத்துவிட்டு சைக்கிளில் துரத்திக்கொண்டே வந்து அவனை ஏற்றிக்கொண்டார். பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாதென்று இவனும் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஒரு நாள் இல்லை, நான்கு நாள்.

ஐந்தாம் நாள் நானே கூட ஓடினேன். குழுவில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் பாருங்கள், அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று இறங்க ஆரம்பித்தது. ஆடி பிறந்து கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கியதும் அறுபத்தாறு. மில்லுக்கு முன்னால் நான் குதித்த குதியைப் பார்த்து வேலையாட்கள் சிரித்தார்கள். கோவிந்தனுக்கு மட்டும் மனசு ஆறவே இல்லை: "புது மாப்பிள்ளைய இப்டி ஓட வுடறீங்களே மாஸ்டர், ஒரு வார்த்த சொன்னா நான் இட்டுனு போவ மாட்டனா?"

ஆடி விருந்து

பதினெட்டாம் பெருக்குக்கு மாமனார் அழைக்க வந்தார். போகாமல் இருக்க முடியாது, போனால் சாப்பிடாமல் இருக்க முடியாது. காவலுக்கு நானும் கூடப் போனேன். இலையில் ஆட்டுக்கறி, வறுத்த மீன், வடை, பாயசம் என்று இடமே இல்லை. மாமியார் பரிமாறிக்கொண்டே இருந்தார். "போதும்" என்று ஏழுமலை கையை நீட்டினால், நீட்டின கையைச் சுற்றிக்கொண்டு கரண்டி வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் பன்னிரண்டு நாள்தாம்மா இருக்குது, உங்க ஊர் ஜெயிக்கணும்னு இப்படிச் செய்றீங்களா?" என்று கேட்டே விட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஜெயிக்கிறதும் தோக்கறதும் உங்க பாடு மாஸ்டர், பொண்ணு குடுத்த வூட்ல மாப்பிள்ள அரை வயித்தோட எழுந்தாருன்னா நான் இன்னான்னு தூங்குவேன்?"

தராசு மேடை

பந்தயத்தன்று கூட்டம் தாங்கவில்லை. எங்கள் ஆட்கள் ஆறு பேர் ஏறி இறங்கினார்கள். ஏழுமலை ஏறினான். விருந்துக்கு அப்புறம் ராப்பகலாக உழைத்திருந்தான். ஆனாலும் கம்பி ஒரு விரற்கடை மேலேயே நின்றது. உடம்பில் டவுசரைத் தவிர துணி எதுவும் இல்லை. நடுவர், "கூடத்தாம்பா கீது, எறங்கு" என்றார். அவன் முகம் செத்துப்போனது. கூட்டத்தில் பெண்கள் பக்கம் அவன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பத்தைந்து நாளும் வீண் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது எதிர்க்குழுவின் கமிட்டியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பார்த்தால் ஏழுமலையின் மாமனார். மாப்பிள்ளை இடுப்பில் கிடந்தது கல்யாணத்தில் அவர் சீராகப் போட்ட வெள்ளி அரைஞாண்கொடி, நல்ல கனம். அதை அவிழ்க்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தோன்றினாலும் வாய் வராது. எங்கள் பக்கம் வெறும் இடுப்போடு இருப்பது பிணம் மட்டும்தான். அவர் பெட்டிக்கடையில் கறுப்புக் கயிறு வாங்கி வந்து, முதலில் அதை மாப்பிள்ளை இடுப்பில் தன் கையாலேயே கட்டினார். அப்புறம்தான் வெள்ளிக்கொடியைக் கழற்றித் தன் மடியில் செருகிக்கொண்டார். ஏழுமலை மறுபடி ஏறினான். கம்பி ஆடி ஆடி நேராக நின்றது. அவர் ஊர்க்காரர்கள் முறைத்தார்கள். அவர் திரும்பி ஒரே பேச்சாகச் சொன்னார்: "தோக்கடிக்கணும்னா கோட்டுக்குள்ள புடிச்சித் தோக்கடிங்க, தராசுல இல்ல."

கடைசிப் பாட்டு

இறுதி ஆட்டத்தில் அவர்களும் அப்படித்தான் பிடித்தார்கள், நான்கு முறை. ஐந்தாவது முறை பாடிப்போனவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, காலைக் கட்டிய மூன்றாமவனையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். அந்தக் காலுக்கு நான் ஏரிக்கரையில் எத்தனை நாள் மூச்சு வாங்கியிருப்பேன். இரண்டு பாயின்ட்டில் ஜெயித்தோம். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் குரலே வரவில்லை. மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் விலா எலும்பைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்: "ஜெயிச்சாச்சில்ல மாஸ்டர், இனிமே இவரு எங்க ஆளு, அடுப்புல கறி கொதிக்குது, நீங்களும் வாங்க."

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டிக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கல்யாணமான ஆளுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதினால், முதல் பிரதியை அவன் மாமியாருக்கு அனுப்ப வேண்டும்.